வேப்பமரம் விழுந்த பிறகு

மரத்தை வெட்டுவது ஒரு நாள் வேலை. வெட்டின மரத்தை என்ன செய்வது என்பது இருக்கிறதே, அது கல்யாணத்துக்கு மறுநாள் சத்திரத்தைக் காலி செய்கிற மாதிரி. சம்பந்தி வீட்டார் போயாயிற்று, மேளக்காரர் போயாயிற்று. அண்டாவும் குண்டாவும், சாய்ந்த வாழை மரமும், வாடிய பூவும், யாருடையது என்று தெரியாத ஜமக்காளமும் மட்டும் நம்மைப் பார்த்துச் சிரிக்கும். அந்த நேரத்தில் யாராவது வந்து, "கவலைப்படாதீர்கள், எல்லாவற்றையும் நான் அள்ளிக்கொண்டு போய்விடுகிறேன்" என்று சொன்னால் அவர் தெய்வமாகத் தெரிவார். அள்ளிக்கொண்டு போனதில் நம்முடைய வெள்ளிக் குங்குமச் சிமிழும் சேர்ந்து போனது ஒரு வாரம் கழித்துத்தான் தெரியும்.

பட்டணத்தில் கொல்லையும் கொஞ்சம் மண்ணும் மிஞ்சியிருக்கிற வீடுகளில், வருஷத்துக்கு ஒரு முறையாவது இந்தச் சத்திரம் காலி செய்கிற வேலை வருகிறது. ஐப்பசி மழைக்கு முன்னால் மின்சாரக் கம்பியைத் தொடுகிற கிளையைக் கழிக்கிறோம். பக்கத்து வீட்டு மாடியில் விழுகிறது என்று தென்னையின் பழுத்த மட்டையை இறக்குகிறோம். கம்பளிப் பூச்சிக்குப் பயந்து முருங்கையை மொட்டையடிக்கிறோம். இறக்கியதையெல்லாம் கூலி கொடுத்து வண்டியேற்றி அனுப்புகிறோம். இல்லாவிட்டால் தெரு முனையில் குவிக்கிறோம். குவித்ததற்கு ராத்திரி யாரோ நெருப்பு வைத்துவிடுகிறார்கள். மறு வாரம் நாமே கடைக்குப் போய், காசு கொடுத்து எரு மூட்டை வாங்கி வருகிறோம்! இதில் உள்ள வேடிக்கை நமக்குத் தோன்றுவதே இல்லை.

எங்கள் வீட்டில் அதைத் தோன்றச் செய்தவர் என் மாமியார். அவரை நான் அத்தை என்றுதான் கூப்பிடுவது வழக்கம்.

மாம்பலத்தில் எங்கள் மாமனார் 1961-ல் வீடு கட்டிக் குடி வந்தபோது, அத்தை தம் கையால் கொல்லையில் ஒரு வேப்பங்கன்றை நட்டார். ஐம்பத்தைந்து வருஷத்தில் அது ஆறடிச் சுற்றளவுக்குப் பருத்து, மொட்டை மாடிக்கு மேலே குடை பிடித்தது. பங்குனியில் அதன் பூவை வேட்டி விரித்துப் பொறுக்கி, வருஷம் முழுவதும் ரசத்துக்கு வைத்துக்கொள்வோம். தெருவில் எந்தக் குழந்தைக்கு அம்மை போட்டாலும் எங்கள் வீட்டு வாசலில்தான் வந்து கொத்துக் கேட்பார்கள். 2016 டிசம்பர் 12-ந் தேதி, திங்கட்கிழமை, வர்தா புயல் சென்னையைக் கடந்தது. நகரத்தில் ஆயிரக்கணக்கில் மரங்கள் சாய்ந்தன. எங்கள் வேம்பும் வேரோடு பெயர்ந்து, மதில் சுவரின் மேல் தலை வைத்துப் படுத்துவிட்டது.

அன்று ராத்திரி அத்தை சாப்பிடவில்லை. எண்பத்திரண்டு வயது. "விளக்கு இல்லை, அதனால் பசிக்கவில்லை" என்று எங்களுக்கு ஒரு காரணம் சொன்னார்.

மூன்றாம் நாள் மரம் வெட்டுகிறவர் ஒருவர் இரண்டு ஆட்களோடு வந்தார். மின்சாரம் இன்னும் வந்தபாடில்லை. குழாயில் தண்ணீர் இல்லை. கொல்லைப் பக்கம் போக வழியில்லை. இந்த நிலைமையில் அவர், "ஏழாயிரம் ரூபாய் குடுங்கம்மா. சாயங்காலத்துக்குள்ளே ஒரு இலைகூட இல்லாம சுத்தமா எடுத்துக்கிட்டுப் போயிடறோம்" என்றார். என் கணவருக்கு முகத்தில் களை வந்தது. சட்டைப் பையில் கை போய்விட்டது.

உள்ளேயிருந்து அத்தை சுவரைப் பிடித்துக்கொண்டு வந்தார். "வெட்டுகிறதுக்குக் கூலி வாங்கிக்கோப்பா. எடுத்துக்கிட்டுப் போக வேண்டாம்" என்றார்.

"அம்மா, இத்தனையையும் வைத்துக்கொண்டு என்ன செய்வது?" என்றார் இவர்.

"ஐம்பத்தைந்து வருஷம் சோறு போடாம வளர்ந்த பிள்ளை. குப்பை வண்டியிலே அனுப்பச் சொல்றியா?"

இதற்குப் பதில் சொல்ல எங்கள் வீட்டில் யாருக்கும் தைரியம் கிடையாது. கூலி நாலாயிரமாகக் குறைந்தது. வேலை எங்கள் தலையில் விழுந்தது.

அத்தை முதலில் செய்த காரியம்தான் எல்லாவற்றிலும் முக்கியமானது. மரத்தில் ரம்பம் வைப்பதற்கு முன்பே, எது எவ்வளவு நீளம் வேண்டும் என்று சொல்லிவிட்டார். "அடிமரத்தை ஆறடி ஆறடியா இரண்டு துண்டு போடு. தொடை கனம் இருக்கிறதை ஒன்றரை அடி. மணிக்கட்டு கனம் வரைக்கும் விறகு. அதுக்குக் கீழே உள்ளதை வெட்டாதே, ஒடித்துக் குவி." சும்மா விட்டிருந்தால் வண்டியில் ஏற்றச் சௌகரியமாக எல்லாவற்றையும் இரண்டடித் துண்டாகப் போட்டிருப்பார்கள். ஒரு முறை இரண்டடியாக அறுத்துவிட்ட மரத்தை எந்தப் பிரம்மா வந்தாலும் ஆறடிப் பலகை ஆக்க முடியாது.

இங்கே ஒரு வார்த்தை. விழுந்த மரத்தை அறுப்பதைத் தொழில் தெரிந்தவர்களுக்கே விட்டுவிட வேண்டும். பாரத்தில் வளைந்து கிடக்கிற கிளை, ஒரு பக்கம் அறுபட்டதும் வில்லைப் போலத் துள்ளி அடிக்கும். உள்ளே மின்சாரக் கம்பி சிக்கியிருந்தால், கம்பியில் ஓட்டம் இல்லை என்று மின்வாரியத்தார் சொல்கிற வரையில் யாரும் கிட்டப் போகக் கூடாது. குழந்தைகளை வீட்டுக்குள் வைத்துப் பூட்டினாலும் தவறில்லை. நம்முடைய வேலை, மரம் தரையில் துண்டுகளாகக் கிடக்கும்போதுதான் ஆரம்பிக்கிறது.

அன்று சாயங்காலம் கொல்லையில் நாலு குவியல்: அடிமரம், விறகு, மிலாறு, தழை.

* * *

தழைக்குத்தான் முதல் அவசரம். பச்சைத் தழையைக் குவித்து வைத்தால் மூன்றே நாளில் உள்ளே புழுங்கி நாற்றம் எடுக்கும். நல்ல கொத்துகளாகப் பார்த்து நிழலில் உலர்த்தினோம். வேப்பிலை சருகாக உலர்ந்த பிறகு அரிசி டிரம்மிலும் பருப்பு டின்னிலும் போடலாம். துணிப் பெட்டியில் வைப்பதானால் மெல்லிய துணியில் முடிச்சாகக் கட்டி வைக்க வேண்டும். சற்று ஈரம் இருந்தாலும் பூச்சிக்குப் பதில் பூஞ்சணம் வந்து சேரும்.

மற்றதெல்லாம் எருக்குழிக்குப் போயிற்று. கொல்லை மூலையில் மூன்றடிக்கு மூன்றடி குழி. அடியில் காற்றுப் போக ஒரு சாண் உயரம் சுள்ளி. அதன் மேல் பச்சைத் தழை ஒரு வரிசை, காய்ந்த சருகு ஒரு வரிசை, நடுநடுவே காய்கறித் தோலும் ஒரு கூடை பழைய மண்ணும். பச்சையில் தழைச்சத்து, காய்ந்ததில் கரிச்சத்து. இரண்டும் கலந்தால்தான் மக்குகிற வேலை நடக்கும். பச்சை மட்டும் என்றால் கொழகொழவென்று அழுகும். சருகு மட்டும் என்றால் வருஷக் கணக்கில் அப்படியே கிடக்கும். ஈரம் எவ்வளவு என்றால், பிழிந்து வைத்த துணி மாதிரி. பதினைந்து நாளுக்கு ஒரு முறை கிளறிவிட்டோம். சித்திரை வருஷப் பிறப்புக்குப் பிறகு ஒரு நாள் கடப்பாரையைப் போட்டுப் பார்த்தால், காப்பிப் பொடி போலக் கறுப்பாக, மழை பெய்த மண் வாசனையோடு எரு வந்திருந்தது.

தழையைப் பற்றிச் சொல்லும்போது தெருவில் நடந்ததையும் சொல்ல வேண்டும். புயலில் எங்கள் தெருவில் மட்டும் ஒன்பது மரங்கள் விழுந்தன. கிளைகள் தெரு முனையில் மாடி உயரத்துக்குக் குவிந்துவிட்டன. கொசுவும் சேரவே, நாலைந்து பேர் ஒன்று கூடி மண்ணெண்ணெய் ஊற்றிக் கொளுத்திவிடலாம் என்று முடிவு செய்தார்கள். எதிர் வீட்டில் ஒரு பையனுக்கு இழுப்பு. அவன் தாயார் வாசலில் நின்று கையைப் பிசைந்தாளே தவிர, பெரிய மனிதர்களிடம் பேச அவளுக்கு வாய் எழவில்லை. அத்தை நாற்காலியைக் கொண்டுவரச் சொல்லி அந்தக் குவியலுக்கு எதிரே உட்கார்ந்துகொண்டார்.

"கொளுத்துங்க. நான் பார்த்துக்கிட்டு இருக்கேன்" என்றார்.

எண்பத்திரண்டு வயது அம்மாள் பார்த்துக்கொண்டிருக்கும்போது எப்படிக் கொளுத்துவது? தீப்பெட்டி பைக்குள் திரும்பிப் போயிற்று.

பச்சை மரத்தின் எடையில் ஏறக்குறையப் பாதி தண்ணீர். அது எரிவதைவிடப் புகைவதுதான் அதிகம். அந்தப் புகையில் உள்ள நுண்ணிய தூசி நேரே நெஞ்சின் அடியில் போய்த் தங்கும். பெரியவர்களுக்கு இருமல். இழுப்புக்காரக் குழந்தைக்கு அன்று ராத்திரி ஆஸ்பத்திரி. குப்பையைத் திறந்த வெளியில் கொளுத்தக் கூடாது, தோட்டத்துக் கழிவைத் தனியாகச் சேர்த்து வைக்க வேண்டும் என்று மத்திய அரசாங்கம் 2016-ல் வெளியிட்ட விதிகளே சொல்லிவிட்டன. சட்டம் எங்கள் அத்தைக்குத் தெரியாது. எதிர் வீட்டுப் பையனைத் தெரியும். அன்றைக்கு அது போதுமானதாக இருந்தது. சென்னையில் விழுந்த மரத்தையும் குவிந்த கிளையையும் எடுக்கச் சொல்ல, மாநகராட்சிக்கு 1913 என்ற எண் இருக்கிறது. எங்கள் தெருவுக்கு வண்டி வர நாளாயிற்று, ஆனால் வந்தது. அதற்குள் பாதிக் குவியலை நாங்களே கரைத்துவிட்டோம்.

எப்படி என்றால், மிலாறினால்தான். விரல் கனமுள்ள சுள்ளியைச் சாண் நீளத்துக்கு ஒடித்து, எலுமிச்சை, கறிவேப்பிலை, வாழை இவற்றின் அடியில் மூன்று அங்குலத்துக்குப் பரப்பிவிட வேண்டும். கிராமத்தில் இதற்கு மூடாக்கு என்று பெயர். வெயில் மண்ணில் நேராக விழாததால் ஈரம் நிற்கிறது, களை முளைப்பதில்லை, அடியில் மண்புழு சேருகிறது. 2017 கோடையில் தெருவில் எல்லோரும் லாரித் தண்ணீருக்குக் குடம் வைத்துக்கொண்டிருந்தபோது, நாங்கள் செடிகளுக்கு மூன்று நாளுக்கு ஒரு முறைதான் தண்ணீர் விட்டோம். பாத்திரம் கழுவிய தண்ணீர்தான், வாழை வாடவில்லை.

இரண்டு விஷயம் மட்டும் கவனிக்க வேண்டும். செடியின் தண்டை ஒட்டிக் குவிக்காமல் நாலு விரற்கடை இடம் விட வேண்டும். இல்லாவிட்டால் தண்டு அழுகும். ரம்பத்தூளைப் பச்சையாக மண்ணோடு கலந்துவிடக் கூடாது. அது மக்குவதற்கு மண்ணிலுள்ள தழைச்சத்தையெல்லாம் இழுத்துக்கொள்ளும். செடி மஞ்சள் பாரித்துப்போகும். மேலே தூவினால் அவ்வளவு கெடுதல் இல்லை.

நேரான கொம்புகள் அவரைக்கும் புடலைக்கும் பந்தக்கால் ஆயின. கவையாகப் பிரிந்த ஒரு கொம்பை என் பிள்ளை யாருக்கும் தெரியாமல் எடுத்துக் கவண் செய்து, பக்கத்து வீட்டு மாமாவின் ஜன்னலில் பரீட்சை பார்த்தான். நேரான இன்னொரு கொம்பைத் தோல் சீவி, எண்ணெய் தடவி, அத்தைக்குக் கைத்தடி செய்து கொடுத்தேன். அதற்குப் பிறகு அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்கவில்லை.

விறகுக்குத் தேவை பொறுமை. தரையில் படாமல் செங்கல்லின் மேல், வீட்டுச் சுவரை ஒட்டாமல் இரண்டடி தள்ளி, குறுக்கும் நெடுக்குமாக அடுக்கினோம். மேலே மட்டும் ஒரு தகரம். நாலு புறமும் காற்று ஆட வேண்டும். போர்த்தி மூடினால் உள்ளேயே பூஞ்சணம் பிடிக்கும். தரையில் போட்டால் கறையானுக்கு நாமே இலை போட்ட மாதிரி. இரண்டு கட்டையை ஒன்றோடொன்று தட்டினால் 'சொத்' என்று கேட்டால் ஈரம் இருக்கிறது. 'கணீர்' என்று கேட்டால் காய்ந்துவிட்டது. 2018 பொங்கலுக்கு எங்கள் முற்றத்துக் கோட்டை அடுப்பில் அந்த விறகுதான் எரிந்தது. மீதியை ஆப்பக்கடை ஆயா வண்டியில் ஏற்றிக்கொண்டு போனாள். பதிலுக்கு ஒரு மாதம் ஆப்பத்துக்குக் காசு வாங்க மாட்டேன் என்று அவள் பிடித்த பிடிவாதத்தைத் தனிக் கட்டுரையாகத்தான் எழுத வேண்டும்.

அடிமரத்தைப் பற்றி அத்தைக்கு ஏற்கெனவே ஒரு தீர்மானம் இருந்தது. முதல் நாளே சாணியும் செம்மண்ணும் குழைத்து இரண்டு முனைகளிலும் பூசச் சொன்னார். ஏதோ சாங்கியம் என்று நினைத்துக்கொண்டு இவர் பூசினார். பிறகு வந்த ஆசாரியார்தான் விளக்கினார். மரத்திலுள்ள தண்ணீர் பக்கவாட்டைவிட முனைகள் வழியாகத்தான் வேகமாக வெளியேறுமாம். அப்படி வேகமாகக் காய்ந்தால் முனையிலிருந்து நீளமாக வெடித்துவிடும். முனையை அடைத்துவிட்டால் நிதானமாகக் காயும். பட்டையையும் அவர் உரித்துவிட்டார். துளைக்கிற வண்டு பட்டைக்கு அடியில்தான் குடியிருக்கும்.

மரவாடியில் கொடுத்து, ஒன்றரை அங்குலப் பலகையாக அறுத்து வந்தோம். நடுவே வைரம் பாய்ந்து சிவந்திருந்தது. பலகைக்கும் பலகைக்கும் நடுவில் ஒரே கனமான ரீப்பர்க் குச்சிகளை, ஒன்றுக்கு நேர் கீழே ஒன்றாக வைத்துத் தாழ்வாரத்து நிழலில் அடுக்கி, மேலே அம்மிக் கல்லைத் தூக்கி வைத்தார் ஆசாரியார். குச்சி நேர் தவறினால் பலகை அப்பளம் போல் நெளிந்துவிடுமாம்.

"எவ்வளவு நாள் காயணும்?" என்றார் அத்தை.

"அங்குலத்துக்கு ஒரு வருஷம்னு கணக்குங்க, பெரியம்மா. ஒன்றரை வருஷமாவது ஆகும். அவசரம்னா இப்பவே செஞ்சு தரேன். ஆனா பின்னாலே கோணிக்கும்."

நான் அத்தையின் முகத்தைப் பார்த்தேன். எண்பத்திரண்டு வயதில் ஒன்றரை வருஷம் என்பது சின்னக் கணக்கு அல்ல.

"மரத்துக்கு அவசரம் இல்லே. எனக்கும் இல்லே. காயட்டும்" என்றார் அத்தை.

2018 புரட்டாசியில் ஆசாரியார் வந்து அந்தப் பலகைகளில் ஐந்து படிகள் கொண்ட கொலுப் படி செய்து கொடுத்தார். அந்த வருஷ நவராத்திரிக்கு, அத்தை தம் கைத்தடியை ஓரமாகச் சாய்த்து வைத்துவிட்டு, தாம் சீதனமாகக் கொண்டு வந்த மரப்பாச்சிகளை மேல் படியில் தாமே வைத்தார். வந்தவர்களிடமெல்லாம், "பொம்மையைப் பார்க்காதீங்க, படியைப் பாருங்க" என்றார். அதற்கு அடுத்த நவராத்திரியும் இருந்தார். இப்போது அத்தை இல்லை. படி கோணாமல் இருக்கிறது.

* * *

அந்த 2018 நவராத்திரி முடிந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. நவம்பர் 16-ந் தேதி கஜா புயல் அடித்தது. பட்டுக்கோட்டைப் பக்கம் என் நாத்தனாருடைய தென்னந்தோப்பு படுத்துவிட்டது. எங்கள் வீட்டுப் பழக்கத்தை அப்படியே தென்னைக்குச் சொல்ல முடியாது என்று அப்போதுதான் தெரிந்துகொண்டேன். மக்குகிற தென்னந்தண்டில்தான் காண்டாமிருக வண்டு முட்டையிடும். விழுந்த மரத்தைத் தோப்பிலேயே போட்டு வைத்தால், நிற்கிற மரத்தின் குருத்தையும் அந்த வண்டு தின்று தீர்க்கும். ஆகவே தண்டை அறுத்து அப்புறப்படுத்துவது முதல் வேலை. வைரமான அடிப்பகுதி விட்டத்துக்கும் சட்டத்துக்கும் ஆகும். மட்டை கீற்றாகவும், ஈர்க்கு துடைப்பமாகவும், பாளையும் பன்னாடையும் அடுப்புக்கும் போகும்.

ஒவ்வொரு மரத்துக்கும் ஒரு குணம். முருங்கை பருத்தாலும் தூணாகாது. ஆனால் அதன் கொம்பை ஒரு கஜ நீளத்துக்கு வெட்டி நட்டுவிட்டால் துளிர்க்கும். பூவரசும் கிளுவையும் அப்படியே. வேலிக்கு வேலி ஆயிற்று. பலா மரம் கிடைத்தால் விறகாக்கி விடாதீர்கள். வீணையும் மிருதங்கமும் அதில்தான் செய்கிறார்கள். அரளியிடம் மட்டும் ஜாக்கிரதை. அதன் கட்டையும் இலையும் நஞ்சு. எரித்தால் புகையும் நஞ்சு. அடுப்பில் வைக்கவோ, குச்சியைச் சமையலுக்கு எடுக்கவோ கூடாது. நோய் பிடித்து, மாவுப் பூச்சி அப்பிய கிளையையும் மற்றச் செடிகளுக்கு மூடாக்காகப் போட வேண்டாம்.

வீட்டில் இடம் ஏது என்று கேட்கலாம். எங்களுடையதும் முக்கால் கிரவுண்டு வீடுதான். எல்லாவற்றையும் வைத்துக்கொள்ள வேண்டும் என்பது இல்லை. தழைக்கு ஒரு குழி, மிலாறுக்கு நாலு செடியின் அடி, விறகுக்கு ஓர் ஆப்பக்கடை, பலகைக்கு ஒரு தாழ்வாரம். மாடிக் குடித்தனத்தில் இருப்பவர்களுக்கு ஒரு துளையிட்ட டிரம் போதும். தழையும் சருகும் அதிலேயே எருவாகும். கூலி பேசும்போதே, "எடுத்துக்கொண்டு போகாதே, எது எவ்வளவு நீளம் என்று நான் சொல்கிறேன்" என்று சொல்லிவிட்டால் பாதி வேலை முடிந்தது.

மரம் பெயர்ந்த பள்ளத்தில் எங்கள் எருக்குழியின் முதல் எருவைத்தான் கொட்டினோம். மதில் ஓரத்தில், காக்கையோ குருவியோ போட்ட விதையிலிருந்து அதே வேம்பின் கன்று ஒன்று தானாக முளைத்திருந்தது. அதை வேர் அறாமல் தோண்டி, சுவரிலிருந்து பத்தடி தள்ளி வைத்தோம். இப்போது அது மாடிக் கைப்பிடிச் சுவரைத் தாண்டிவிட்டது. போன பங்குனியில் ஒரு கைப்பிடி பூ பூத்தது. ஒரு நாள் ரசத்துக்குக் காணும்.